விக்டோரியா பப்ளிக் ஹால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினால் வெள்ளை வெளேர் என்று ரிப்பன் மாளிகை தெரியும். அதற்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில், ஓரத்தில் ஒரு கோபுரத்தோடு இன்னொரு கட்டடம். 'இது சர்ச்சா?', 'பழைய கோர்ட்டா?' என்று கேட்பவர்கள் பலர். இரண்டும் இல்லை. ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்தின் சாயங்காலப் பொழுதே இங்கேதான் கழிந்தது. இதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எதற்காகக் கட்டினார்கள்?

நாடகத்துக்காக இல்லை, சினிமாவுக்காகவும் இல்லை. ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்றுதான் கட்டினார்கள்.

1882 மார்ச்சில் பட்டணத்துப் பிரமுகர்கள் ஜார்ஜ் டவுனில் பச்சையப்பன் மண்டபத்தில் கூடினார்கள். பம்பாய், கல்கத்தாவில் எல்லாம் பொதுமக்கள் கூடப் பெரிய மண்டபங்கள் இருக்கும்போது நமக்கு ஒன்று வேண்டாமா என்ற ரோஷமும் அதில் இருந்திருக்கும். 12 பேர் கொண்ட குழு அமைத்துப் பணம் திரட்டினார்கள். நிர்வாகத்துக்கு ஒரு டிரஸ்ட் ஏற்பட்டது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார்.

இடம் நகராட்சியுடையது. அன்று பீப்பிள்ஸ் பார்க் என்று அழைக்கப்பட்ட பெரிய பூங்காவில் 57 கிரவுண்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. நிலம் ஊருடையது, கட்டடம் டிரஸ்ட் கையில். பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

டவுன் ஹாலுக்கு ராணியின் பெயர் எப்படி வந்தது?

வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 1887இல், விக்டோரியா பட்டமேறி ஐம்பது ஆண்டு நிறைந்தது. பொன்விழா நினைவாக அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஆனாலும் 'டவுன் ஹால்' என்ற பழைய பெயர் பேச்சு வழக்கில் நெடுநாள் ஓடியது.

யார் கட்டியது?

வரைபடம் ராபர்ட் சிஷோமுடையது. மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் கைவண்ணம்தான். திருவிதாங்கூர் மரவேலையிலும் கூரை அமைப்பிலும் அவருக்குத் தனி மோகம். இந்தக் கட்டடத்தின் கோபுரத்தை நின்று பார்த்தால் அது புரியும்: கீழே உடம்பெல்லாம் இத்தாலிய பாணி, தலையில் மட்டும் கேரளத்துக் கூம்புக் கூரை. பொருந்தாது என்று எழுதிக்காட்டினால் தோன்றும், நேரில் பார்த்தால் அப்படித் தோன்றாது.

கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. உயர் நீதிமன்றம் உட்பட அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய ஒப்பந்ததாரர். சேத்துப்பட்டில் பாதி அவருடையதாக இருந்தது என்பார்கள். கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்ததும் அங்கே அவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

உள்ளே எப்படி இருக்கும்?

கீழே ஒரு கூடம், மாடியில் ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். கிழக்குக் கோடியில் இன்னும் 200 பேருக்கு மேல் கொள்ளும் மர கேலரி. வடக்கிலும் தெற்கிலும் வளைவுகள் வைத்த நீண்ட தாழ்வாரங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில், சென்னைக் கோடையில், அறுநூறு பேரை ஒரே கூடத்தில் அடைத்து வைக்க வேண்டுமென்றால் இப்படித்தான் கட்ட வேண்டும். வெயில் சுவரில் நேராக விழாமல் தாழ்வாரம் தாங்கிக்கொள்ளும், சாயங்காலக் காற்று வளைவுகள் வழியே உள்ளே வரும். அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல அந்தத் தாழ்வாரங்கள்.

இங்கே நாடகம் எப்போது, எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

1891வாக்கில் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்பவரின் குழு பட்டணத்துக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அவர் தொழிலால் வக்கீல். படித்தவர், கெளரவமான உத்தியோகம் உள்ளவர், மேடையேறி நடிக்கிறார்! அதுவரை தமிழில் நாடகம் என்றாலே 'கூத்தாடிப் பிழைப்பு' என்று முகம் சுளித்த குடும்பங்களுக்கு அது புதுமை. பார்த்தவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது கல்லூரி மாணவர், பதினெட்டு வயது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிற்பாடு அவரும் வக்கீலானார், நீதிபதியானார், நடிப்பை மட்டும் விடவில்லை.

சபை பல ஆண்டுகள் விக்டோரியா ஹாலையே தன் வீடாக வைத்துக்கொண்டது. அங்கே அவர்கள் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். விடிய விடிய நடக்கும் கம்பெனி நாடகத்தை மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். பாட்டுக்கு மேல் பாட்டு என்றிருந்ததைக் குறைத்து வசன நடைக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியவர்கள் நடிகர்கள், பார்ப்பவர்களும் அப்படித்தான். நேரம் குறைந்ததற்குக் கலைக் கொள்கை எவ்வளவு காரணமோ, மறுநாள் வேலையும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான். சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் கதாநாயகி பெரும்பாலும் ரங்கவடிவேலு. அந்த ஜோடிக்கென்றே கூட்டம் வந்தது. 'மனோகரா' நாடகத்தில் தீரர் சத்தியமூர்த்தி நடித்திருக்கிறார். ஹாம்லெட்டைத் தமிழாக்கி 'அமலாதித்யன்' என்று போட்டதும் இந்த சபைதான். தமிழோடு தெலுங்கு, வடமொழி, ஆங்கிலம் என்று மற்ற மொழி நாடகங்களும் மேடையேறின.

காசுக்காக நடத்தும் கம்பெனிகளுக்கு வேறு இடங்கள் இருந்தன. நாலு தெரு தள்ளி வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைத் தியேட்டர். அங்கே தரை டிக்கெட், விசில், ராத்திரி முழுக்க ஆட்டம். இங்கே தலைப்பாகையும் கோட்டும். இரண்டும் ஒரே காலத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தன என்பதை நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அந்த சபை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 1930களில் மவுண்ட் ரோட்டுக்குக் குடிபோனது. இன்று அது பொழுதுபோக்கு கிளப். சபை வேறு இடத்துக்குப் போனதும் ஹாலுக்குத் தவறாமல் ஆள் வரவழைத்த ஒரு குடித்தனம் போய்விட்டது.

சென்னையில் முதல் சினிமா இங்கேதான் காட்டப்பட்டதா?

ஆமாம். தேதியில்தான் இரண்டு கதை. பழைய சினிமா வரலாறுகளில் 1897இல் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே சில துண்டுப் படங்களைக் காட்டினார் என்றிருக்கும். அதற்கும் முன்னால், 1896 டிசம்பரில், மெட்ராஸ் போட்டோகிராஃபிக் ஸ்டோர் என்ற கடையை நடத்திய ஸ்டீவன்சன் இதே ஹாலில் படம் காட்டினார் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டாவதே சரியாகப்படுகிறது. பம்பாயில் வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் ஓடியது 1896 ஜூலை 7. ஆக ஐந்தே மாதத்தில் அந்த அதிசயம் சென்னைக்கும் வந்துவிட்டது.

படம் என்றால் கதை எதுவும் கிடையாது. ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடாத காட்சிகள். படச்சுருளும் கையால்தான் சுற்றப்பட்டது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து இன்னொரு பெயர் இங்கே வருகிறது: ரகுபதி வெங்கையா. மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். படத்தோடு இசைத்தட்டின் சத்தத்தையும் சேர்த்து ஓட்டும் குரோனோமெகாபோன் என்ற கருவியை 1910வாக்கில் வரவழைத்து விக்டோரியா ஹாலில் காட்டினார். பேசும் படம் முறையாக வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக்காரர்கள் ஒரு வகைப் பேசும் படத்தை இங்கே பார்த்துவிட்டார்கள்.

பிறகு ஏன் இது சினிமாக் கொட்டகை ஆகவில்லை?

வாடகைக்கு எடுத்த ஹாலில் இன்று படம், நாளை கூட்டம், மறுநாள் நாடகம் என்றால் சினிமாக்காரருக்குக் கட்டுப்படியாகாது. தினமும் இரண்டு மூன்று காட்சி ஓட்டினால்தான் காசு. அதனால் அவர்கள் தனிக் கட்டடம் தேடிப் போனார்கள். 1913இல் மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் வந்தது. வெங்கையாவே 1914இல் கெயிட்டியைக் கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் சினிமாத் தியேட்டர் அதுதான். சினிமா தவழக் கற்றது விக்டோரியா ஹாலில், சம்பாதிக்கத் தொடங்கியது மவுண்ட் ரோட்டில்.

விவேகானந்தர் பேசியது இங்கேயா?

இங்கேயும் பேசினார். 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினார். அந்த நாட்களில் நடந்த சொற்பொழிவுகளில் தன் பணித் திட்டத்தை விளக்கிய முதல் உரை விக்டோரியா ஹாலில் நடந்தது. கடைசி உரைக்கு வந்த கூட்டத்துக்கு ஹாலே போதாது என்று சர்க்கஸ் கூடாரம் ஒன்றில் ஏற்பாடு செய்தார்கள்.

மாதங்களைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். டிசம்பரில் நகரும் படத்தைப் பார்த்துப் பட்டணம் வாய் பிளந்த அதே ஹாலில், பிப்ரவரியில் வேதாந்தம். நடுவில் வரும் சனிக்கிழமைகளில் நாடகம். 'முதலில் டவுன் ஹால், பிறகு நாடக அரங்கு, பிறகு கிளப்' என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்வது வழக்கம். உண்மையில் நல்ல காலத்தில் எல்லாமே ஒரே சமயத்தில்தான் நடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியபோதுதான் இறங்குமுகம் தொடங்கியது.

கோகலே, காந்தி, பாரதியார் எல்லோரும் இங்கே பேசியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம், தொண்டைதான் மைக்.

நீதிக்கட்சி பிறந்த இடம் என்கிறார்களே?

1916 நவம்பர் 20 அன்று டாக்டர் நடேசனார், பிட்டி தியாகராயர், டி.எம். நாயர் முதலியோர் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு வித்திட்ட கூட்டம் இங்கே நடந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தச் சங்கத்தைத்தான் அதன் பத்திரிகையின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்று ஊர் அழைத்தது. நான்கே ஆண்டில் மாகாண ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. பக்கத்து ரிப்பன் மாளிகையில் தியாகராயர் மாநகராட்சித் தலைவரானார். இன்றும் அந்த வளாகத்தில் அவர் சிலை நிற்கிறது. கட்சி தொடங்கிய இடத்துக்கும் பதவியில் அமர்ந்த இடத்துக்கும் நடுவே ஒரு மதில்தான்.

விளையாட்டுக் கிளப் இதற்குள் எப்படி வந்தது?

அந்தச் சுற்றுவட்டாரமே விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் ஒதுக்கப்பட்டது. பீப்பிள்ஸ் பார்க்கில் குளங்கள், பேண்டு மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள் என்ற கொடுமையும் உண்டு. பிற்காலத்தில் கண்காட்சியை நடத்தி வந்தது 1901இல் தொடங்கிய எஸ்.ஐ.ஏ.ஏ. என்ற தென்னிந்திய அத்லெடிக் சங்கம். பின்னாளில் நேரு ஸ்டேடியம் வந்த இடம் அதன் மைதானம். அந்தச் சங்கத்தின் கிளப் ஹாலின் ஒரு பகுதியில் இயங்கியது. எனவே கிளப் திடீரென்று வந்து புகுந்தது அல்ல.

இவ்வளவு பேர் பெற்ற கட்டடம் ஏன் பாழடைந்தது?

'நாடகம் செத்தது, ஹாலும் செத்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப்படவில்லை. நாடகம் சாகவில்லை, வீடு மாறியது.

மயிலாப்பூர், தியாகராய நகர் என்று தெற்கே புதுக் குடியிருப்புகள் பெருகின. சபாவுக்குப் போகிற குடும்பங்கள் அங்கே குடியேறின. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. பின்னால் கிருஷ்ண கான சபா, நாரத கான சபா என்று வரிசையாக வந்தன. ராத்திரி எட்டு மணிக்குக் கச்சேரி முடிந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்றால் யார் சென்ட்ரலுக்கு வருவார்கள்? பார்க் டவுனில் மிஞ்சியது ரயில் பயணிகளும் மொத்த வியாபாரமும். 1953இல் டிராமும் நின்றது. வடக்கே இருந்தவர்களுக்கு பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் இன்னும் வசதியாக அமைந்தது.

சுற்றி இருந்த பூங்காவும் துண்டு துண்டாகப் போயிற்று. மூர் மார்க்கெட்டும், ரிப்பன் மாளிகையும், ஸ்டேடியமும் அதில் எழுந்தவைதான். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. அதே 1985இல்தான் ஹாலின் 99 ஆண்டுக் குத்தகையும் முடிந்தது. ஒரே ஆண்டில் அந்த வட்டாரத்துக்கு வேடிக்கை பார்க்க வர மக்களுக்கு இருந்த காரணங்கள் எல்லாம் போய்விட்டன.

குத்தகை முடிந்த பிறகுதான் உண்மையான சீரழிவு. டிரஸ்ட், கிளப், வளாகத்தில் கடையும் ஓட்டலும் நடத்தியவர்கள், நில உரிமையாளரான மாநகராட்சி எல்லோருக்கும் ஒவ்வொரு வாதம் இருந்தது. வழக்குகள் ஓடின. நாளை யார் கையில் இருக்கும் என்று தெரியாத கட்டடத்துக்கு யாரும் கூரை மாற்ற மாட்டார்கள். சுவரில் ஆலங்கன்று முளைத்தால்கூடப் பிடுங்குவது யார் பொறுப்பு என்ற நிலை. கடைசியில் மாநகராட்சி கைக்கு வந்தபோது பார்வையாளர் தலைமுறை ஒன்று இப்படி ஓர் அரங்கு இருப்பதே தெரியாமல் வளர்ந்திருந்தது.

அதே காலத்து மற்ற அரங்குகள் என்ன ஆயின?

எலக்ட்ரிக் தியேட்டரைத் தபால் துறை வாங்கியது. அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலை சேகரிப்போர் போய் வரும் இடமாக அது பிழைத்துக்கொண்டது. ஒற்றைவாடையும் கெயிட்டியும் போய்விட்டன. ஆர்மீனியன் தெருவில் கோகலே ஹால் சிதைந்து கிடந்தது.

தப்பிப் பிழைத்ததில் எனக்குப் பிடித்தது எழும்பூர் மியூசியம் தியேட்டர். அரைவட்டமாக இருக்கைகள், 1890களில் கட்டியது. இன்றும் நாடகம் நடக்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: சொந்தக்காரர் ஒருவரே, அதாவது அரசு அருங்காட்சியகம். சண்டை இல்லை, வாடகைக்குக் கிடைக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது.

சீரமைப்பு பற்றி?

2010ஐ ஒட்டி மாநகராட்சி ஒரு முறை தொடங்கியது. வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் பக்கத்திலேயே மெட்ரோ சுரங்க நிலையத்துக்குத் தோண்டத் தொடங்கினார்கள். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி 2023இல் புதிதாக வேலை தொடங்கியது. கீழே அருங்காட்சியகம், மாடியில் நிகழ்ச்சிகளுக்கு அரங்கு என்பது அப்போதைய திட்டம்.

இந்த மாதிரிக் கட்டடத்தில் கை வைப்பது பெயின்ட் அடிக்கிற வேலை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மை உடையவை. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். அதனால் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து அரைக்க வேண்டும். அக்காலத்து மெட்ராஸ் டெரஸ் தளமென்றால் தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பைக் கொட்டி நாட்கணக்கில் தட்டி இறுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகம் ஆக்கினால் போதாதா?

பாதிதான் போதும். காட்சிப் பெட்டிகள் பகல் பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடும். ஹால் உயிரோடிருந்தது ஆறு மணிக்கு மேல். மாடி அரங்கை, முக்கியமாக, ஏழை நாடகக் குழுவுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விட வேண்டும். ஸ்பான்சர் கம்பெனிகளும் அரசு விழாக்களும் மட்டும் எட்டக்கூடிய வாடகை வைத்தால் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். கூத்துப்பட்டறை வழி வந்த குழுக்களும், கல்லூரி நாடகக்காரர்களும், வடசென்னை கானா பாடகர்களும் ஏற முடிந்தால் 1890களில் நடந்ததற்குப் பொருத்தமாக இருக்கும். வாசலில் மெட்ரோ வந்துவிட்டது. மயிலாப்பூர்க்காரர் வர மாட்டார் என்ற பழைய சாக்குக்கும் இடமில்லை.

எழும்பூரில் இருக்கும் விக்டோரியா ஹாலும் இதுதானா?

இல்லை. அது விக்டோரியா மெமோரியல் ஹால், மியூசியம் வளாகத்தில் சிவப்புக் கல்லில் ஹென்றி இர்வின் கட்டியது. தேசிய ஓவியக் கூடம் என்று அறியப்படுவது. சேப்பாக்கத்தில் விக்டோரியா மாணவர் விடுதி வேறு. ஆட்டோக்காரரிடம் 'ரிப்பன் பில்டிங் பக்கத்துல' என்று சொல்லிவிடுங்கள், குழப்பம் வராது.

பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் சேர்த்துப் பார்க்க எதிர்ப்புற நடைபாதைதான் நல்ல இடம். காலை வெயிலில் செங்கல் நிறம் எடுப்பாகத் தெரியும். பிறகு புறநகர் ரயில் நிலையம் பக்கம் நடந்தால் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருப்பதைக் காணலாம். அங்கிருந்து இடம்பெயர்ந்த பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கின்றன. பேரம் பேசத் தயங்காதீர்கள்.